என் போத்தல் தண்ணீர்

எங்கள் அந்தோனியார் கோயில் மணியை அடிக்கும் உரிமை என்னுடையது. அப்பா இந்தத் தோட்டத்தில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருந்தவர். அவர் போன பிறகு அப்போதிருந்த ஃபாதர் மணிக்கயிற்றை என் கையில் கொடுத்து, "இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார். பார்த்துக்கொண்டேன். தெரணியகலைப் பக்கமிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஃபாதர் வேனில் மலையேறி வருவார். வேன் பாலத்தடியில் திரும்பும்போது முதல் மணி. வாசலில் வந்து நிற்கும்போது இரண்டாம் மணி. அப்பா காலத்திலிருந்து அதுதான் முறை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. வேனைக் காணோம். சனங்கள் லயத்து வீட்டு வாசல்களில் குடையும் கையுமாக நின்று கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் வந்தாள். நெற்றி நிறைய விபூதி, தலையில் உரச்சாக்கு, வாயில் வெற்றிலை. கடைக்குப் போகிற வழி. ஒரு வார்த்தை பேசாமல் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி நாலு இழு இழுத்தாள்.

"ஃபாதர் இன்னும் வரலீங்க ஆயம்மா" என்றேன்.

"சனம் காத்துக்கிட்டு நிக்குதே டீச்சரம்மா. மணி சனத்துக்கா, சாமியாருக்கா? இதுக்கு யாருகிட்டங்க கேக்கணும்?"

சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். சனம் உள்ளே வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்த ஃபாதர், "பரவாயில்லையே, இன்னைக்கு நான் வர முந்தியே கோயில் நெறஞ்சிருக்கு" என்று என்னைப் பாராட்டினார். நான் சிரித்தேன். வயிறு எரிந்தது.

அவள் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயம்மா. தாய்மார் தேயிலைக் கொழுந்து எடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. ஆயம்மா என்றால் அவள்தான். என்னைவிட மூத்தவள். நேரில் 'நீங்க' என்றுதான் பேசுவேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. வரட்டும். போய்ச் சேர்ந்து இரண்டு மாரி கழிந்துவிட்டது, இனிமேல் கோபித்துக்கொள்ளப் போகிறாளா என்ன.

'இதுக்கு யாருகிட்டங்க கேக்கணும்?' இதுதான் அவள் வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை. வெற்றிலை இல்லாத நேரத்தில்கூட அது இருக்கும். பிள்ளைகளுக்குச் சத்துமா மூட்டை வந்து இறங்கியிருக்கும். தோட்டத்து ஆபீஸ் ஐயா வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிரிக்கவேண்டும் என்று ஸ்டோரில் சொல்வார்கள். ஐயா எங்கோ மலையில் இருப்பார். இவள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்து மூட்டை வாயை ஒரு கீறு கீறி, மாவைக் கிண்டி, பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுவாள். அவை தூங்கியும் போயிருக்கும், அப்போதுதான் ஐயா வருவார். அவர் சிங்களத்தில் சத்தம் போட்டால் இவளும் சிங்களத்திலேயே, "மஹத்தயா, பபாலாட்ட படகினி" என்பாள். பிள்ளைகளுக்குப் பசி, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு விளக்கமும் கிடையாது. அவரும் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இதே காரியத்தை நான் செய்திருந்தால் என்னை அன்றைக்கே ஆபீசுக்குக் கூப்பிட்டிருப்பார்கள். சிலருக்கு அப்படி ஒரு அமைப்பு. அவர்கள் மீறினால் உலகம் சிரிக்கும். நாம் மீறினால் முறைக்கும்.

பிள்ளைகளும் அவளிடம்தான் ஓடும். ஞாயிறு மறைக்கல்விக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் படம் கொடுப்பேன், மிட்டாய் கொடுப்பேன், பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன். அவள் வாசலில் தலையைக் காட்டினால் போதும், அத்தனையும் என்னை விட்டுவிட்டு எழுந்து ஓடும். எல்லாம் அவள் மடியில் கிடந்து வளர்ந்தவைதானே. பிறந்த குழந்தைக்கு வீட்டார் பேர் வைக்க முந்தியே அவள் ஒரு பேர் வைத்துவிடுவாள். பெண் என்றால் ராசாத்தி, ஆண் என்றால் ராசா. தோட்டத்தில் எத்தனை ராசாத்தி என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எந்த ராசாத்தியைக் கூப்பிடுகிறாள் என்று அந்தந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

என் ஆசை ஒன்றைச் சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

அப்பா உபதேசியாராக இருந்த காலத்தில் ரோடு இதைவிட மோசம். சாமியார் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும் என்கிற குழந்தைகளுக்கு அப்பாதான் தண்ணீர் ஊற்றுவார். முறைப்படி ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் பிஷப், ஃபாதர், டீக்கன். ஆபத்து நேரத்தில் மற்றவர்களும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அப்படித் தண்ணீர் வாங்கிப் பிழைத்தவர்கள் இன்றைக்கும் இந்த மலையில் இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள். "நான் ஒங்கப்பா கையால தண்ணி வாங்கின புள்ள" என்று என்னிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். ஒரு தனிச் சொந்தம் அது. அம்மா அப்பா கொடுக்க முடியாத சொந்தம்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை இல்லை. ஒரு பிள்ளையாவது என்னைப் பார்த்து அப்படிச் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பெரிய ஆசையா? இரத்தினபுரியில் உபதேசியார்களுக்குப் பயிற்சி வைத்தபோது பெண்களில் நானும் இன்னும் ஓரிருவரும்தான் போனோம். ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்தார்கள். இடது கையில் தலையைத் தாங்கவேண்டும், வலது கையால் நெற்றியில் தண்ணீர் ஓடும்படி ஊற்றவேண்டும், ஊற்றும்போதே ஞானஸ்நான வார்த்தையைச் சொல்லவேண்டும். என் முறை வந்தபோது நான் அழுதுவிட்டேன். பொம்மைக்கு ஞானஸ்நானம் கொடுத்து அழுத ஒருத்தி என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும். தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவேன். எனக்குத் தாகம் எடுத்தால்கூட அதில் குடிக்கமாட்டேன். பிள்ளைக்கு ஆபத்து வரவேண்டும் என்று எந்தப் பாவி வேண்டுவாள்? நான் வேண்டவில்லை. வந்தால் பக்கத்தில் நான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆயம்மாவுக்கு இந்த விஷயத்தைச் சொல்லிக் கொடுத்ததும் நானேதான். உறுதிபூசுதல் சடங்குக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்திக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கி அவள் கோயில் வாசற்படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஞானஸ்நானம் யாரு குடுக்கலாம்?" என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

பிஷப், ஃபாதர், டீக்கன் என்று ஒப்பித்தார்கள்.

"அவங்க யாரும் இல்லாத எடத்துல உசுருக்கு ஆபத்துன்னா?"

"டீச்சர் குடுக்கலாம்" என்றாள் ஒரு பெண். எனக்கு உள்ளூர இனித்தது. ஆனாலும் புத்தகத்தில் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும். "யாரு வேணும்னாலும் குடுக்கலாம்" என்றேன்.

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "யாரு வேணும்னாலும்னா? நானுமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்தது. "நீங்களுந்தான்" என்றேன்.

"நான் வேதத்துல சேராதவளாச்சே. மாரியம்மன் கோயில்காரி."

"பரவால்லங்க. தலையில தண்ணி ஊத்தி, அந்த வார்த்தைய சரியா சொல்லி, திருச்சபை எத நெனச்சுச் செய்யுதோ அத நெனச்சுச் செஞ்சா அது செல்லும். அப்புறம் யாரும் மறுபடி குடுக்க ஏலாது."

"அடேயப்பா" என்று டீ கோப்பையைக் கீழே வைத்தாள். "ஒங்க சாமி தாராளமான சாமிதான். எங்க பூசாரி தட்டுல கை வைக்க விடமாட்டாரு."

பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து அந்த வார்த்தையை அவளும் சொன்னாள். உரக்கச் சொன்னாள். பிள்ளைகள் தடுமாறிய இடத்தில் எடுத்தும் கொடுத்தாள். மழை விட்டதும் எழுந்து போய்விட்டாள். மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கிற சாதியா அது.

என் தம்பி அந்தோனி கொழும்பில் கடையில் வேலை செய்கிறான். அவன் மகள் ஸ்டெல்லா தாயில்லாப் பிள்ளை, என் கையில் வளர்ந்தவள். அவளுக்குக் கல்யாணம் முடிந்து, புருஷனும் கொழும்புக்கே வேலைக்குப் போய், பிள்ளை உண்டானதும் என்னிடம்தான் வந்து இருந்தாள். "அத்த, நீங்கதான் ஞானத்தாய். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். வெள்ளைத் துணி வாங்கி ஓரம் தைத்து வைத்தேன். கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியைப் புளி போட்டுத் துலக்கினேன். ஆபத்து நேரத்துத் தண்ணீர் எனக்கு விதிக்கவில்லை, போகட்டும்; இந்தப் பிள்ளையையாவது நான் கையில் ஏந்தி நிற்க ஃபாதர் தண்ணீர் ஊற்றுவார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நாள் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. காலை நேரம். இரவெல்லாம் பெய்ததில் ரோட்டில் மண் சரிந்து ஆம்புலன்ஸ் மேலே வர வழியில்லை. கீழ்க் கிராமத்துச் சமன் தன் த்ரீவீல் ஆட்டோவைக் கொண்டுவந்தான், சரிவைச் சுற்றி ரப்பர் மலைப் பாதையால் இறக்கிவிடுகிறேன் என்று. ஸ்டெல்லாவை ஏற்றி நான் பக்கத்தில் உட்காரும்போது மற்றப் பக்கத்தால் ஆயம்மா ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை.

"பிள்ளைக்காம்பராவ யாருங்க பாக்குறது?" என்றேன்.

"மருமக பாத்துக்குவா. சமன், இக்மனட்ட யன்ன" என்றாள். சீக்கிரம் போ என்று அர்த்தம்; அவன் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தான்.

பாலம் தாண்டி ரப்பர் மரங்களுக்குள் போகும்போதே பிள்ளை வந்துவிட்டது. சமன் வண்டியை நிறுத்தி இறங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பெண் பிள்ளை. அழவில்லை. உடம்பு நீலம் பாரித்துக் கிடந்தது. இவள் விரலால் அதன் வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டிப் பார்த்தாள். சத்தமில்லை. "டீச்சரம்மா" என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரிந்தது.

போத்தலை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். என் கை நடுங்கவில்லை, நடுங்கியது என்று பிறகு அவள் எல்லோரிடமும் சொன்னது பொய். எனக்குப் பேர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் பிள்ளையின் பேரை முதலில் தாத்தாவின் வாய்தான் சொல்லவேண்டும். வேறு யார் சொன்னாலும் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். என்னையும் ஸ்டெல்லாவையும் அப்படித்தான் தாத்தாக்கள் கூப்பிட்டார்கள். பேர் இல்லாமல் ஊற்றினாலும் ஞானஸ்நானம் செல்லும் என்று படிப்பித்தவளே நான்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பிள்ளை பிழைத்தால் பேரால் ஒரு குறை அதற்கு வரக்கூடாது, போனால் பேரோடு போகவேண்டும் என்று பட்டது. ஃபோனை எடுத்துப் பிள்ளையின் தாத்தா அந்தோனிக்கு அடித்தேன். ரப்பர் மலைக்குள் சிக்னல் வந்து வந்து போகும். மணி போனது. "ஹலோ" என்றேன். "ஹலோ, தம்பி, ஹலோ."

"தாங்க இங்க" என்று அவள் போத்தலைப் பிடுங்கினாள்.

இடது கையில் பிள்ளையின் தலை. வலது கையில் என் போத்தல். "ராசாத்தி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." ஒவ்வொரு நாமத்துக்கும் ஒருமுறை ஊற்றினாள். நெற்றியிலிருந்து காதுவரைக்கும் தண்ணீர் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். பிள்ளை ஒரு தும்மல் போட்டது. பிறகு மலையே கேட்கும்படி அழுதது.

"அனே, புது சரணய்" என்று புத்தரின் பேரைச் சொல்லிச் சமன் வெளியே நின்று கை கூப்பினான். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். ஃபோனில் அந்தோனியின் குரல் அப்போதுதான் வந்தது, "ஹலோ அக்கா, கேக்குது, சொல்லுங்க" என்று. என் மறுகையில் போத்தலின் மூடி மட்டும் இருந்தது.

தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். ஆண்டவருக்குத் தோத்திரம். நான் நன்றி கெட்டவள் இல்லை. பிள்ளை பிழைத்தது பிழைத்ததுதான். ஆனால் லயத்தில் பேச்சு வேறு விதமாக இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆயம்மா கையால தண்ணி வாங்கின புள்ள" என்றார்கள். அந்த வார்த்தையை இந்த மலையில் என் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் சொன்னதில்லை. என் வீட்டுக்குள் வந்து, என் மடியில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து, எனக்கு முன்னாலேயே சொன்னார்கள். பிளேன்டீயும் வைத்துக் கொடுத்தேன் அவர்களுக்கு.

அவள் சும்மா இருந்தாளா? நடந்ததை ஆள் ஆளுக்கு நடித்துக் காட்டினாள். "டீச்சரம்மா ஹலோ ஹலோங்குறாங்க. நான் பாத்தேன். டெலிபோன்ல யாரு எடுக்குறது, அந்தோனியாரா?" லயமே சிரித்தது. ஸ்டெல்லாகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஃபாதர் வருகிற நாள்வரைக்கும் எனக்கு ஒரே யோசனை. அந்த ஞானஸ்நானத்தில் ஏதாவது குறை இருந்தால் ஃபாதர் தொட்டியில் தண்ணீர் வைத்து மறுபடி கொடுப்பார். நான் ஏந்தி நிற்பேன். குறை இல்லையென்றால் தண்ணீர் கிடையாது, அந்தப் பிள்ளைக்கு அது முடிந்துபோன காரியம். எங்கே குறை என்று உட்கார்ந்து தேடினேன். வார்த்தையில் ஏதாவது விட்டாளா? தண்ணீர் தலைமயிரில் மட்டும் பட்டு நின்றுவிட்டதா? அந்த வாரம் எனக்குச் சளி. சளி பிடித்தால் போத்தலில் கொத்தமல்லித் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி ஊற்றியிருக்கக் கூடாதா? கொத்தமல்லித் தண்ணீரில் ஞானஸ்நானம் செல்லாது. ஆனால் அது அந்தப் போத்தல் ஆயிற்றே. அதில் மலை ஊற்றிலிருந்து விழும் சுத்தமான பீலித் தண்ணீரைத் தவிர வேறு எதையும் நான் ஊற்றியதே இல்லை.

ஃபாதர் வந்தார். கோயில் விறாந்தையில் வாங்குப் பலகை போட்டு உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. "புள்ளைங்களுக்கு மாவு அடுப்புல இருக்கு சாமி, கேக்குறத வெரசா கேளுங்க" என்றாள்.

ஃபாதர் சிரித்துக்கொண்டே கேட்டார். "தண்ணி தலையில ஓடிச்சாம்மா?"

"ஓடாம? என் சீலையும் நனஞ்சிருச்சு."

"என்ன வார்த்த சொன்னீங்க?"

சொன்னாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

"நீங்க இந்து. எதுக்காக இதச் செஞ்சீங்க? என்ன நெனச்சுக்கிட்டு செஞ்சீங்க? அதுதான் முக்கியம், யோசிச்சுச் சொல்லுங்க."

இதுதான் இடம் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிழைக்கட்டும் என்று ஊற்றினேன் சாமி என்று சொல்லவேண்டும். முகம் கழுவினேன், மந்திரிச்சுவிட்டேன், இப்படி ஏதாவது சொல்லவேண்டும். சொன்னால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் தொட்டியில் தண்ணீர் வரும்.

அவள் யோசிக்கவே இல்லை. என்னைக் கை காட்டினாள். "இவங்க என்ன நெனச்சுப் போத்தல எடுத்தாங்களோ, அத நெனச்சுத்தான் நான் ஊத்துனேன். எனக்கு என்னங்க தெரியும்? டீச்சரம்மா செய்ய வந்தத நான் செஞ்சேன். அது சரின்னா இதுவும் சரி."

ஃபாதர், "திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம்" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டார். "இத நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கேன் டீச்சர். இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்ல."

அதற்கும் எனக்குப் பொறாமைதான். அவள் சொன்னதில் திருச்சபை என்பது நான் என்று வந்ததே, அதை நினைத்துச் சந்தோசப்பட்டிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

"நீங்க பக்கத்துல இருந்தவங்க" என்று ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "வார்த்த முழுசா கேட்டுச்சா?"

சமனுக்குத் தமிழ் தெரியாது. ஸ்டெல்லா அப்போது இருந்த நிலையில் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. என் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் நின்றது. சரியாகக் கேட்கவில்லை, ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன் என்றால் போதும்; யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆயம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்வை பிள்ளைக்காம்பராப் புகைக்கூண்டில் இருந்தது, மாவு அடிப்பிடித்துவிடும் என்கிற கவலையில்.

"முழுசா கேட்டுச்சு ஃபாதர். சரியாத்தான் சொன்னாங்க" என்றேன். என் அப்பா மகள் நான். பொறாமைக்காரிதான், பொய்க்காரி இல்லை.

"அப்ப சரி, நான் வர்றேன்" என்று அவள் ஓடினாள்.

அன்றைக்கே பிள்ளைக்கு மிச்சச் சடங்கு நடந்தது. நெற்றியில் தைலம் பூசினார், நான் தைத்த வெள்ளைத் துணியைப் போர்த்தினார், மெழுகுதிரி கொடுத்தார். கிறிஸ்டினா என்று பேர் சொன்னார். அந்தோனி ஃபோனில் சொன்ன பேர். துலக்கி வைத்த தொட்டி மூடியபடியே இருந்தது. நான் பிள்ளையை ஏந்தி ஞானத்தாயாக நின்றேன். அடுப்பை இறக்கி வைத்துவிட்டு அவளும் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "ராசாத்தி" என்று கிசுகிசுத்தாள். இன்னும் முகம் பார்க்கவே தெரியாத குழந்தை, என் கையில் இருந்துகொண்டு அந்தச் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பியது. கிறிஸ்டினா என்று இன்றைக்கும் தோட்டத்தில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை, அது பள்ளிக்கூடத்துப் பேர். லயத்தில் அவள் ராசாத்தி.

ராசாத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் ஆயம்மாவுக்கு நெஞ்சில் சீக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பகலில் அவள் மருமகள் மலைக்கு வேலைக்குப் போய்விடுவாள். நான் போய் இருப்பேன். ஏன் போனேன் என்று கேட்டால் ராசாத்தி, "ஆயம்மாவப் பாத்துக்குங்க அத்தம்மா" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள், அதனால் போனேன்.

ஒரு நாள் முற்பகலில் மூச்சு வேறு மாதிரி இழுத்தது. மருமகளைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பிவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். வீட்டுக் காம்பராவில் நானும் அவளும்தான். கைப்பை மடியில் இருந்தது. உயிருக்கு ஆபத்து. பக்கத்தில் நான். தண்ணீர் இருக்கிறது. வார்த்தை தெரியும். இத்தனை வருஷம் கேட்டது அத்தனையும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருந்தது.

போத்தலை எடுத்து மூடியைத் திறந்தேன். குழந்தைக்கு யாரிடமும் கேட்காமல் ஊற்றலாம். புத்தியறிந்தவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களே விரும்பவேண்டும். குனிந்து அவள் காதோரம் கேட்டேன்.

"ஆயம்மா, ஒங்களுக்கு நான் ஞானஸ்நானம் குடுக்கட்டுங்களா?"

கண் திறந்தாள். போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த நிலையிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறீங்களா டீச்சரம்மா?"

"இதுக்குக் கேக்கணுங்க."

"இதுக்குக் கேக்கணுமா." கண்ணை மூடிக்கொண்டாள். எதற்கும் நின்று யோசித்தறியாதவள், அன்றைக்கு யோசித்தாள். நான் காத்திருந்தேன், எனக்குப் பழக்கந்தானே. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

"மாரியாத்தாகிட்ட கேக்கணுமே. அவ ஏலாதும்பா. சின்ன வயசுலருந்து அவ புள்ள நான்." மூச்சு வாங்கினாள். "கோவிச்சுக்காதீங்க. ராசாத்திக்குக் குடுத்தது ஒங்க தண்ணிதான். நான் சும்மா ஊத்துனேன். அத ராசாத்திகிட்டயே சொல்லியிருக்கேன்."

போத்தலின் மூடியைத் திரும்பப் போடப் போனேன்.

"தொண்ட காயுது. அதக் குடிக்கக் குடுங்க" என்றாள்.

இடது கையில் அவள் தலையைத் தாங்கினேன், இரத்தினபுரியில் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வாயோரம் வழிந்து கழுத்தில் ஓடியதை என் முந்தானையால் துடைத்தேன். நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையசைத்தாள். எனக்குத் தாகம் எடுத்தபோதெல்லாம் நான் தொடாத தண்ணீர். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்துவிட்டு என் கையிலேயே தூங்கிப்போனாள்.